துளசிச் சாடியில் துள்ளியவை

சென்ற ஆண்டு மாரி தொடங்கிய வேளை. “தம்பி, துளசிச் சாடியிலை தெள்ளுப் பிடிச்சுப்போச்சு, மருந்து அடிச்சுவிடு” என்றார் என் தாயார். போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றியதும் மண்ணிலிருந்து வெண்பொடி போன்ற சில துள்ளின. இருபது ஆண்டுகளாக விலங்கியல் கற்பிக்கும் நான், பூதக்கண்ணாடியை எடுக்குமுன் பூச்சிமருந்துக் குப்பியை எடுத்தேன்!

மறுநாள் சாடியின் கீழ்த்தட்டில் தேங்கிய நீரில் அவை செத்து மிதந்தன. அதன் பின்னரே, கைத்தொலைபேசியில் பொருத்தும் சிறு வில்லையைக் கொண்டு படமெடுக்க எனக்குத் தோன்றிற்று. படத்தைப் பெருப்பித்தபோது வெட்கமே மிஞ்சியது. தெள்ளு பக்கவாட்டில் தட்டையானது. அதன் உணர்கொம்புகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படா. நான் கொன்றவையோ நீண்டுருண்ட உடலும் தெளிவான உணர்கொம்புகளும் உடையவை. வயிற்றின் அடியில் இரு கிளையாகப் பிரிந்த ஒரு கவையும் இருந்தது.

இவற்றை ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிங்டெயில்’ என்பர். வகுப்பில் நான் ‘வில்வாலி’ என்று சொல்லிக்கொள்வேன். அந்தக் கவை வயிற்றின் கீழ் மடிந்து, ஒரு சிறு கொளுவியில் மாட்டப்பட்டிருக்கும். கொளுவி விட்டதும் கவை நிலத்தை அறையும்; உடல் மேலே எறியப்படும். பெரும்பாலானவை உக்கிய இலைகளையும் பூஞ்சணத்தையும் உண்பவை; மனிதரைக் கடிப்பதில்லை. ஆறு கால்கள் இருந்தும், வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கியிருப்பதால், இன்று இவற்றைப் பூச்சியினத்தினின்றும் பிரித்தே வைக்கின்றனர். ஸ்கொத்லாந்தின் ரைனி என்னும் இடத்துப் பாறையிற் கிடைத்து 1926இல் விவரிக்கப்பட்ட வில்வாலியின் வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள். அத்துணைப் பழைய குடியை ஒரு குப்பி மருந்தால் ஒரு சாடியினின்றும் துடைத்தேன்.

பின்னர், உயிருள்ளவற்றைப் படமெடுக்கப் பழகினேன். வளவின் மூலையில், உக்கிய மாவிலைகளைப் புரட்டினால் போதும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீளமே உள்ள உயிர்களாதலால், மூச்சு விட்டாலே படம் கலங்கிவிடும். தொலைபேசியை மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்தி, உருவம் தெளியும் கணத்தில் அழுத்தவேண்டும். மின்சூளின் முன்னே என் மகள் வெண்தாள் பிடிப்பாள். இன்றேல் பளபளக்கும் முதுகில் ஒளி தெறித்து விவரம் யாவும் மறையும். இருபது எடுத்தால் இரண்டு தேறும். மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றும் வேண்டும். கவை பக்கத்திலிருந்துதான் தெரியும். அருகே ஓர் அடிமட்டத்தை வைத்து அளவையும் பதிந்துகொள்வது நன்று.

உடல் நீண்டதா, கட்டையாகப் பருத்ததா, சிறு பந்து போல் உருண்டதா என்பதைப் படமே சொல்லிவிடும். அதற்கப்பால் இனத்தைத் துணிய, மயிர்களின் ஒழுங்கையும் நகங்களின் அமைப்பையும் நுணுக்குக்காட்டியிற் பார்க்க நேரும். ஆகவே ‘உருண்டை வகை வில்வாலி’ என்று எழுதிய மாணவிக்கு முழுப் புள்ளி கொடுத்தேன்; எங்கோ கண்ட நீண்ட இலத்தீன் பெயரை அப்படியே எழுதிய மாணவனுக்குக் குறைத்தேன். அவனுக்கு இன்னும் என்மேற் கோபம்.

கால்களை எண்ணினால் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. சிற்றுண்ணிக்குக் கால்கள் எட்டு. ஆனால் முட்டையினின்றும் வெளிவந்த அதன் குஞ்சுக்கு ஆறே. உணர்கொம்பு இல்லாமையே அதைக் காட்டிக்கொடுக்கும். மரப்பட்டையின் கீழ், கொடுக்கு வாலில்லாத, இரு இடுக்கிகளை ஏந்திய குட்டித் தேள் போன்ற ஒன்று அகப்பட்டால் அஞ்சவேண்டாம், அது போலித்தேள்.

மருந்து பட்ட துளசியில் அம்மா பிறகு இலை பறிக்கவேயில்லை. இருமல் வந்தபோதும் அயல்வீட்டிலேயே வாங்கிக் கொதிக்கவைத்தார். வைகாசியிற் புதுச் சாடி வைத்தோம். அதிலும் வில்வாலிகள் வந்தன. படத்தைக் காட்டினேன். தலையின் பக்கமொன்றில் எட்டுவரை இருக்கக்கூடிய அந்தக் கரும்புள்ளிகளைத் தொட்டு, “இதுக்குக் கண்ணும் இருக்கே?” என்று கேட்டார். இப்பொழுது தண்ணீர் ஊற்றுமுன் சாடியின் விளிம்பை விரலால் இருமுறை தட்டிக்கொள்கிறார்.