பானை ஓட்டில் பெயரெழுதிய ஊர்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் சிலைமானைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே கீழடி என்னும் சிற்றூரை அடையலாம். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர், சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் வட்டத்தைச் சேர்ந்தது. திருநகர், திருப்பரங்குன்றம் பகுதியில் வாழும் குடும்பங்கள் காலையில் புறப்பட்டால், பார்த்துவிட்டு மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். இன்று வைகை இவ்வூருக்கு வடக்கே சற்று விலகியே ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதுகூட ஆண்டில் சில மாதங்களுக்கே பொருந்தும்.

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் யார்? அவர்கள் எத்தனை பேர்? இவ்விரு வினாக்களையும் வாசக அன்பர்களோடு சேர்ந்து சிறிது ஆராய விரும்புகிறோம்.

நம் பங்குகளில் இத்தகைய வினாவுக்கு விடை காண்பது எளிது. திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் பங்கு இல்லத்தில் இருக்கின்றன. யார் பிறந்தார், யாரை மணந்தார், எந்நாள் மண்ணுக்குள் சென்றார் என்பதை அவை சொல்லிவிடும். கீழடி மக்களுக்கு இத்தகைய ஏடுகள் இல்லை. அவர்கள் புழங்கி எறிந்த பொருட்களே நமக்குக் கிடைத்திருக்கும் பதிவேடு.

அப்பதிவேட்டின் முதற்பக்கத்தைத் திறந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் எனலாம். 1970களில் அவ்வூர்ப் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவர், மாணவர் எடுத்து வந்து காட்டிய பழம்பொருட்களைப் பொருட்படுத்திப் பாதுகாத்தார். தொல்லியல் துறைக்கும் தெரிவித்தார். ஆனால் அகழாய்வு தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தியத் தொல்லியல் துறையினர் வைகைக் கரை நெடுகிலும் தேடி 293 பழைய இடங்களைக் குறித்தனர். அவற்றுள் தேர்ந்தெடுக்கப்பட்டதே கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். கி. அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் 2015இல் அங்கே முதற்குழி வெட்டப்பட்டது. மூன்று கட்டங்களுக்குப் பின், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2018 முதல் பணியைத் தொடர்ந்து நடத்தி வருகிறது.

அரண்மனை கிடைத்ததா, அரசனின் முத்திரை கிடைத்ததா என்று கேட்போர் ஏமாற்றமடைவர். கிடைத்தவை செங்கற்சுவர்கள், கூரை ஓடுகள், சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள், நீர் செல்லும் சுடுமண் குழாய்கள். நூல் நூற்கும் தக்களியின் குண்டுகளும், நெசவுக்குப் பயன்பட்ட எலும்பு முனைகளும், செம்பு ஊசியும் உள்ளன. சூதுபவளம் என்னும் கல்மணி இருக்கிறது. அதன் மூலக்கல் மேற்கு இந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பர். சிறு பொன்னணிகளும் சில உண்டு. பானை ஓட்டைத் தேய்த்து உருட்டிச் செய்த வட்டச்சில்லுகளோ 600 வரை கிடைத்தன! இன்றும் நம் தெருக்களில் சிறுமியர் நொண்டி ஆடுவதற்கு இதே போன்ற ஓட்டைத்தானே தேடுகின்றனர்.

நான்காம் கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருட்கள் எடுக்கப்பட்டன. அவ்வாண்டின் 70 எலும்பு மாதிரிகள் புனேயிலுள்ள தக்காணக் கல்லூரியில் ஆராயப்பட்டன. பசு, எருது, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் அவற்றில் இருந்தன. காட்டுப்பன்றி, மான், மயில் ஆகியவற்றின் எலும்புகளும் கலந்திருந்தன. உழுது விதைத்து, மந்தை மேய்த்து, வாய்ப்பு நேர்ந்தபோது வேட்டையும் ஆடிய மக்கள் என்று இதனால் அறிகிறோம். வழிபாட்டுக்குரியது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க கட்டிடம் எதுவும் வெளிப்படவில்லை. ஆகவே இம்மக்கள் எதையுமே வணங்காதவர்கள் எனச் சிலர் முடிவு கட்டிவிட்டனர். இஃது அவசர முடிவு என்பதே நம் கருத்து. 110 ஏக்கர் பரந்த திடலில் தோண்டப்பட்டது ஒரு சிறு பகுதியே. கிடைக்காதது இல்லாதது ஆகிவிடாது.

இனி அப்பெயர்களுக்கு வருவோம். மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக்குகையில் தமிழி எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் இருப்பதை 1882இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். அங்கே பேசப்படுபவன் நெடுஞ்செழியன் என்னும் அரசன். கீழடியிலோ அதே எழுத்து சமையற்பானையின் தோளில் இருக்கிறது. நான்காம் கட்டத்தில் இத்தகைய ஓடுகள் 56 கிடைத்தன. 'ஆதன்' என்று ஒன்றில் இருக்கிறது. 'குவிரன் ஆதன்' என்று மற்றொன்றில் இருக்கிறது. எழுத்தின் அமைப்பு ஓட்டுக்கு ஓடு வேறுபடுவதால், குயவர் ஒருவரே எல்லாவற்றையும் எழுதவில்லை, பலர் தத்தம் கையால் கீறினர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இது எனது பானை என்று ஒருவன் எழுதி வைக்கிறான். அதைப் படித்து அறியக்கூடிய அண்டை வீட்டாரும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? படிக்கத் தெரியாதவர் நடுவே பெயர் எழுதி என்ன பயன்!

அவர்கள் எத்தனை பேர் என்ற வினாவுக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை. வீடுகளை எண்ணித்தான் மக்கள்தொகையைக் கணிக்க இயலும். இங்கோ முழுமையாக வெளிப்பட்ட தெரு ஒன்றுகூட இல்லை. ஆயிரம், பத்தாயிரம் என்று யாரேனும் சொன்னால் அது ஊகமே. ஆயினும் அடக்கப் பதிவேட்டுக்கு ஈடான ஒன்று பக்கத்து ஊராகிய கொந்தகையில் இருக்கிறது. அங்கே முதுமக்கள் தாழிகள் வரிசையாகப் புதைந்துள்ளன. 2020 முதல் அவற்றைத் திறந்து வருகின்றனர். எலும்புகளின் மரபணுவை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆராய்ந்து வருகிறது. அங்கு கிடைத்த இரு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியிடப்பட்டன. நிறமும் முடியும் கலைஞரின் கற்பனை கலந்தவை. எனினும் எலும்பின் கட்டமைப்பு அவர்களுடையதே. அவ்விருவரில் ஒருவருக்கு ஆதன் என்று பெயர் இருந்ததோ என்னவோ, தாழி அதைச் சொல்லவில்லை.

இவ்வூரின் வயது குறித்து எழுந்துள்ள வழக்கையும் சொல்லியாக வேண்டும். நான்காம் கட்டத்து மாதிரிகள் ஆறு, அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றின் காலம் கி.மு. 580 எனத் தெரியவந்தது. 2019 செப்டம்பரில் மாநில அரசு இதை வெளியிட்டபோது தமிழகமே மகிழ்ந்தது. மிகப் பழைய காலக்கணிப்பு ஒரே மாதிரியைச் சார்ந்திருக்கிறது என்று தடை எழுப்பியோரும் உண்டு. முதல் இரு கட்டங்களைப் பற்றிய 982 பக்க அறிக்கையை அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 சனவரியில் அளித்தார். அதைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதத்தில் கேட்டது, அவர் மறுத்தார். அடுத்த மாதமே அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். சட்டமன்றத்திலும் நாளிதழ்களிலும் இது பெரும் விவாதமாயிற்று.

உண்மையை அறிஞர்கள் தடையின்றி வாதாடித் தீர்க்கட்டும். அறிக்கை முழுமையாக மக்கள் கைக்கு வரட்டும் என்றே நாம் வேண்டுகிறோம். ஆயினும் இவ்வழக்கில் ஒன்று மறைந்து போவதைக் கண்டு வருந்துகிறோம். தமிழருக்குப் பெருமை சேர்ப்பதற்கென்று ஆதன் பானை வாங்கவில்லை. சோறு பொங்கத்தான் வாங்கினான். நூற்றாண்டுக் கணக்கைப் பற்றிப் பூசலிடுவோர், உறைகிணற்றில் நீர் இறைத்தவளையும் தக்களி சுழற்றியவளையும் மறந்துவிடுகின்றனர். இவர்கள் இருநூறு ஆண்டுகள் முந்தியவர் என்றாலும் பிந்தியவர் என்றாலும், மன்னனின் பெயரைக் கல்லில் பொறித்த காலத்தில் தம் பெயரைத் தாமே எழுதிய எளிய குடிகள் அல்லரோ?

அகழ்ந்த குழிகள் பலவும் மீண்டும் மண்ணிட்டு மூடப்பட்டுவிட்டன. நிலம் ஊர் மக்களின் தோப்புகளாகவும் வயல்களாகவும் இருப்பதால் அவ்வாறு செய்வது வழக்கம். எடுத்த பொருட்களுக்காகச் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் கட்டப்பட்ட அருங்காட்சியகம் 2023 மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பட்டது. பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோர் பொன்னணிகள் உள்ள பேழையின் முன்னேயே நேரத்தைக் கழித்துவிடாமல், பானை ஓடுகள் இருக்கும் இடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வாராக. கோடுகளும் வளைவுகளுமாகத் தோன்றும் அவ்வெழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டலாம். மூன்றே எழுத்துக்கள்: ஆ, த, ன்.