மலை மக்களின் சுகாதாரத்துக்குத் தனி நிதி எதற்கு? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எனப் பரந்து கிடக்கும் நீலகிரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 7.35 லட்சம் பேர் வாழ்கிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்பழங்குடிகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் எல்லாம் இதில் அடக்கம். இவர்களின் சுகாதாரத்துக்கென அரசு தனியாகப் பணம் ஒதுக்கும்போதெல்லாம் சில சந்தேகங்கள் எழுகின்றன. கொரோனா காலம் கற்றுத் தந்தவற்றைக் கொண்டே அவற்றுக்கு விடை தேடுவோம்.

கிருமி ஆள் பார்த்தா தொற்றுகிறது? எல்லோருக்கும் ஒரே மாதிரி செலவு செய்தால் போதாதா?

கிருமி ஆள் பார்ப்பதில்லை. ஆனால் தப்பிக்கும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. தோட்டங்களின் லைன் வீடுகள் ஒட்டுச் சுவருடன் வரிசையாக நிற்பவை. பல இடங்களில் குழாயும் கழிப்பறையும் பொது. ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் ஒருவரை மட்டும் தனிமைப்படுத்துவது எப்படி? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்றால், காய்ச்சலை மறைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கத்தான் போவார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலேயே, சிறுபான்மை இனத்தவரும் கிராமப்புற மக்களும் கொரோனாவால் அதிகம் பாதிக்கப்பட்டதைக் கண்டு, அந்த இடைவெளியைக் குறைக்க 2021 மார்ச்சில் 225 கோடி டாலர் தனியாக அறிவிக்கப்பட்டது.

மக்கள்தொகை குறைந்த மலைக்குத் தலைக்கு அதிகம் செலவிடுவது நியாயமா?

நியாயம்தான். அது நீண்டகால நடைமுறையும்கூட. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். மலைப்பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் இது முறையே 3,000, 20,000 எனத் தளர்த்தப்பட்டுள்ளது. சமவெளியில் ஒரு செவிலியர் காலையில் நான்கு தெருவைச் சுற்றி வந்துவிடலாம். இங்கே ஒரு பழங்குடிக் குடியிருப்புக்குப் போய்த் திரும்பவே அரைநாள் ஆகும். மழையில் மண் சரிந்தால் அதுவும் நடக்காது.

தடுப்பூசி இலவசமாகத்தானே தரப்பட்டது? மக்கள் தயங்கினால் நிதி என்ன செய்யும்?

ஊசி மருந்து இலவசம். அதை மலைமேல் கொண்டு சேர்ப்பதற்குச் செலவு உண்டு. 2021 மே 1 முதல் 18 வயது நிறைந்தோருக்கு ஊசி என்று அறிவித்தபோது, 45 வயதுக்கு உட்பட்டோர் கோவின் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. செல்போனில் சிக்னல் கிடைக்காத ஊர்களில் அது எப்படி நடக்கும்? அந்தத் தளத்தில் தமிழ் சேர்க்கப்பட்டதே 2021 ஜூனில்தான்.

நீலகிரி நிர்வாகம் வேறு வழியைப் பிடித்தது. ஊசியை ஊருக்கே கொண்டு போனார்கள். வாகனம், குளிர்பதனப் பெட்டி, செவிலியர், அந்த மக்களின் மொழியிலேயே பேசி அச்சம் போக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்தபோது தயக்கம் கரைந்தது. 2021 ஜூன் இறுதிக்குள் மாவட்டத்தின் 18 வயது நிறைந்த பழங்குடியினரில், அதாவது சுமார் 21 ஆயிரம் பேரில், ஏறத்தாழ அனைவருக்கும் முதல் தவணை போடப்பட்டுவிட்டது. பழங்குடியினர் ஊசிக்கு எதிரானவர்கள் என்ற பேச்சு பொய்யானது.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல. 1958 முதல் கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், 1990 முதல் கூடலூரில் அஷ்வினி அமைப்பும் மருத்துவப் பணி செய்துவருகின்றன. அஷ்வினியின் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாக இருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண் சொன்னால் கேட்போம் என்பது எல்லா ஊருக்கும் பொதுதானே!

தோட்டத் தொழிலாளர்களை எஸ்டேட் நிர்வாகம்தானே பார்க்க வேண்டும்? அரசுப் பணம் எதற்கு?

1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி, குடியிருப்பு ஆகியவற்றின் பொறுப்பை நிர்வாகத்தின் மீதுதான் வைத்தது. அந்தப் பொறுப்பை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை செய்யும் தோட்டங்களுக்கே அந்தச் சட்டம் என வரையறுக்கப்பட்டது. நீலகிரியில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளிடமும் பச்சைத் தேயிலை விளைகிறது. அங்கே தினக்கூலிக்கு இலை பறிப்பவர்களுக்கும், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலருக்கும் அரசு மருத்துவமனையை விட்டால் வேறு கதியில்லை.

ஊட்டியில்தான் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?

பெரிய வரவுதான். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனை, ரூ.143.69 கோடியில் கட்டப்பட்டு 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழங்குடியினருக்குத் தனி வார்டும் உண்டு. முன்பு பெரிய நோய் என்றாலே கோவைக்கு இறங்க வேண்டியிருந்தது.

இருந்தாலும் கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் சுமார் 50 கிலோமீட்டர். பந்தலூர்க்காரர்களுக்கு அதைவிடத் தொலைவு. அதனால்தான் அப்பகுதி மக்கள் பலர் கேரளத்தின் மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். நோயாளியோடு துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் போகிறது. எனவே ஊருக்குப் பக்கத்தில் உள்ள துணை சுகாதார நிலையத்தில் ஆளும் மருந்தும் இருப்பதும், நடமாடும் மருத்துவக் குழு குறித்த நாளில் தவறாமல் வருவதும் பெரிய மருத்துவமனைக்கு இணையாக முக்கியம்.

கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இனியும் செலவு தேவையா?

தேவை. தொற்று வந்தபின் ஒதுக்கும் பணம் அவசரத்துக்கு உதவும், நீடிக்காது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த ரூ.23,123 கோடி அவசரகால நிதி, ஒன்பது மாதத்துக்கென வகுக்கப்பட்டது. ஆனால் அடுத்த தொற்றில் யார் அதிகம் துன்பப்படுவார் என்பதை இன்றைய இரத்தச்சோகையும் சர்க்கரை நோயும் காசநோயும் தீர்மானிக்கின்றன. கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினரிடம் காணப்படும் அரிவாள் செல் இரத்தச்சோகை உள்ளவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாகலாம்.

இதற்கான திட்டங்கள் உள்ளன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் தொல்பழங்குடிகளுக்கு நடமாடும் மருத்துவ வாகனங்களும் அடங்கும்.

ஒதுக்கிய பணம் மலை ஏறி வருகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான நிதியை வேறு பக்கம் திருப்பாமல் அவர்களுக்கே செலவிட வேண்டும் என்பதற்காகத் தமிழகத்தில் 2024-ல் தனிச் சட்டமே நிறைவேறியது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, கேட்க ஆள் வேண்டும். ஊராட்சியில் வசிப்போர் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையிலும், கூடலூர், நெல்லியாளம் போன்ற நகராட்சிகளில் வசிப்போர் பகுதி சபையிலும் கேட்கலாம். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் நிரப்பப்பட்டதா? நடமாடும் வாகனம் கடைசியாக என்றைக்கு வந்தது? மாத்திரை எத்தனை மாதம் தடையின்றிக் கிடைத்தது? இந்த மூன்று கேள்விகளையும் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மலை மக்களுக்கான நிதி சலுகை அல்ல, அவர்களின் உரிமை. உரிமையைக் கேட்டு வாங்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.