நீரிழிவு நோயும் எடைப் பயிற்சியும்

எடைப் பயிற்சி என்பது தசைகளை ஒரு சுமைக்கு எதிராக மீண்டும் மீண்டும் இயக்கும் உடற்பயிற்சி ஆகும். இரும்பு எடை, மீள்பட்டை, ஒருவரது உடல் எடை ஆகியவற்றுள் எதுவும் சுமையாகப் பயன்படலாம். இரண்டாம் வகை நீரிழிவு நோயில் இப்பயிற்சி குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவுகின்றது. எனினும் பயிற்சி முடிந்தவுடன் சர்க்கரை அளவு சிலருக்கு உயர்ந்து காணப்படும்; பல மணி நேரம் கழித்து மிகவும் தாழ்ந்தும் போகலாம். முதலாவதைக் கண்டு பயிற்சியைக் கைவிடுவோரும், இரண்டாவதை அறியாது இடருக்கு உள்ளாவோரும் உண்டு.

தசையும் சர்க்கரையும்

உணவிற்குப் பின் இன்சுலினின் தூண்டுதலால் குருதியிலிருந்து நீங்கும் குளுக்கோசின் பெரும்பகுதியை எலும்புத் தசைகளே ஏற்றுக்கொள்கின்றன. அங்கு அது கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகின்றது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினின் கட்டளைக்குத் தசைகள் சரிவர இணங்குவதில்லை. இது இன்சுலின் எதிர்ப்பு எனப்படும்.

தசை சுருங்கும்போது வேறொரு வழி திறக்கின்றது. தசைச் செல்லின் உள்ளே இருக்கும் குளுட்-4 என்னும் கடத்திப் புரதம், இன்சுலினின் துணையின்றியே செல்லின் மேற்பரப்பை அடைந்து குளுக்கோசை உள்ளே கொண்டு செல்கின்றது. பயிற்சியில் கிளைக்கோசன் செலவாவதால், அதனை நிரப்பும் பொருட்டுப் பின்னரும் தசை குளுக்கோசை ஈர்க்கின்றது. இன்சுலினுக்கு இணங்கும் தன்மையும் ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை மேம்பட்டிருக்கும். தொடர்ந்து பயின்றால் தசையின் அளவும் குளுட்-4 புரதமும் பெருகுகின்றன.

உடனடி ஏற்றமும் பிந்தைய இறக்கமும்

கடுமையான சுமையைத் தூக்கும்போது அட்ரினலின் போன்ற இயக்குநீர்கள் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோசை வெளியிடுகின்றது. தசை ஏற்பதைவிட இது மிகுந்தால் குருதிச் சர்க்கரை தற்காலிகமாக உயரும். இது பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தணியும். எனவே இந்த ஓர் அளவீட்டைக் கொண்டு பயிற்சி தீங்கானது என முடிவு செய்தல் தவறாகும்.

இன்சுலின் ஊசி அல்லது சல்போனைல்யூரியா வகை மாத்திரை பயன்படுத்துவோருக்குப் பயிற்சியின் பின் 24 மணி நேரம் வரையிலும், உறக்கத்தின்போதும்கூட, தாழ்சர்க்கரை நிலை ஏற்படலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இருப்பின் 15 கிராம் குளுக்கோசு அல்லது சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும்.

ஆய்வுகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 11.4 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினரும் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. ஒரே உடல் நிறைச் சுட்டெண் கொண்ட ஐரோப்பியரை ஒப்பிடுகையில் இந்தியருக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருப்பது பல ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. ஆகவே மெலிந்த தோற்றமுடையோருக்கும் தசைப் பயிற்சி தேவையாகின்றது.

தில்லியில் அனூப் மிசுரா குழுவினர் நீரிழிவு உடைய 30 பேருக்கு மூன்று மாதம் எடைப் பயிற்சி அளித்தனர். 2008இல் வெளியான அதன் முடிவில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறத்தாழ 0.5 விழுக்காட்டுப் புள்ளி குறைந்திருந்தது. 251 பேரைக் கொண்டு கனடாவில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், நடை போன்ற பயிற்சியும் எடைப் பயிற்சியும் தனித்தனியே பயனளித்தன. இரண்டையும் சேர்த்துச் செய்தோர் கூடுதல் பயன் பெற்றனர்.

தமிழ்நாட்டுச் சூழல்

இளவட்டக்கல் தூக்குதல், கர்லாக்கட்டை சுழற்றுதல் ஆகியன தமிழரிடையே வழங்கிய எடைப் பயிற்சிகள். இன்று நீரிழிவு நோயாளருக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது நடைப்பயிற்சியே. தைப்பூசத்தின்போது திண்டுக்கல் வழியாகப் பழநிக்குப் பாதயாத்திரை செல்வோர், திண்டுக்கல்லிலிருந்து மட்டும் ஏறத்தாழ 60 கி.மீ. நடக்கின்றனர். இத்தகைய நடை சர்க்கரையைச் செலவிடுமாயினும் தோள், கை, முதுகுத் தசைகளை வலுப்படுத்துவது குறைவு. காலில் உணர்விழப்பு உள்ளோர் வெறுங்காலுடன் நடந்தால் அறியாமலேயே புண் உண்டாகலாம்.

எடைப் பயிற்சிக்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டாயமன்று. நாற்காலியில் அமர்ந்து எழுதல், தோப்புக்கரணம், சுவரில் கையூன்றித் தள்ளுதல், நீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல் ஆகியவற்றுடன் தொடங்கலாம். வாரத்தில் 2 முதல் 3 நாட்கள், இடையே ஒரு நாளேனும் ஓய்வு விட்டு, ஒவ்வொரு அசைவையும் 10 முதல் 15 முறை செய்து, சுமையைப் படிப்படியாகக் கூட்டுதல் முறையாகும்.

எச்சரிக்கைகள்

* சுமையைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் குருதி அழுத்தம் திடீரென உயரும். எனவே தூக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும்.
* நீரிழிவால் விழித்திரை முற்றிய நிலையில் பாதிக்கப்பட்டோர் கடுஞ்சுமை தூக்குதல் கூடாது. கண்ணினுள் குருதி கசியக்கூடும்.
* இதய நோய் உள்ளோர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும்.
* சர்க்கரை 250 மி.கி./டெ.லி.க்கு மேல் இருந்து, சிறுநீரில் கீட்டோன்களும் காணப்பட்டால் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்.
* பயிற்சிக்கு முன்னும் பின்னும், சில மணி நேரம் கழித்தும் சர்க்கரையை அளந்து குறித்து வைத்தால், மருந்தின் அளவை மருத்துவர் திருத்தி அமைக்க அது உதவும். மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது.