குத்துமதிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஏழாம் வகுப்பில் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளியின் பின்புறச் சுற்றுச்சுவரில் இடிந்து கிடந்த பகுதியைச் சன்னல் வழியே காட்டி, "அது 40 அடி நீளம், 5 அடி உயரம். ஒன்பது அங்குலச் சுவராக மறுபடி கட்ட எத்தனை செங்கல் வேண்டும்?" என்று கேட்டேன். மற்றவர்கள் நோட்டைத் திறப்பதற்கு முன்பே கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டாயிரம் கல்லு சார்."

எழுத்து வேலையில் பின்தங்கியவன்; அடிக்கடி விடுப்பு எடுப்பவன். "குத்துமதிப்பா அடிச்சு விடாதே. கணக்குப் போட்டுச் சொல்லு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துகொண்டான். அதன்பிறகு பல வாரங்கள் எந்தக் கேள்விக்கும் அவன் கை உயரவில்லை. அது என் கண்ணில் படவும் இல்லை.

ஒருமுறை அவன் மூன்று நாள் தொடர்ந்து வராதபோது தேடிக்கொண்டு போனேன். அவன் அப்பா கொத்தனார். வேலை நடக்கும் இடத்தில் மகனும் உடனிருந்தான். பையனை இனி வேலைக்கு அழைத்து வரக் கூடாது, நாளை முதல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று பேசி முடித்தேன். அவரும் ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது சும்மா கேட்டேன்: "இந்தச் சுவருக்கு எவ்வளவு கல்லுங்க ஆகும்?"

அவர் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆயிரத்து ஐந்நூறு ஆகும் சார். நீளத்தையும் உயரத்தையும் பெருக்கிக்குவோம். ஒன்பது இஞ்சு சுவருன்னா சதுர அடிக்குப் பத்துக் கல்லு. உடைசலும் அதுலயே அடங்கிடும். இவனுக்கே தெரியுமே சார்."

வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் உள்ள செங்கல்லின் முகப்பு 27 சதுர அங்குலம். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். 144ஐ 27ஆல் வகுத்தால் ஐந்தேகால் கல்லுக்குச் சற்று மேல். ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு கல் கனம் வேண்டும். ஆகப் பத்தரைக்குச் சற்று மேல். நடுவில் வரும் கலவைக்குக் கொஞ்சம் குறையும், உடைசலுக்குக் கொஞ்சம் கூடும். பத்து என்பது நல்ல கணக்கு. எங்கள் சுவர் 200 சதுர அடி. இரண்டாயிரம் கல்.

அவன் அன்று கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறான். நான்தான் எதையும் விசாரிக்காமல் குத்துமதிப்பாக ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சொல், இரண்டு பொருள்

'குத்துமதிப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறுபட்ட செயல்களுக்கு நாம் பயன்படுத்துகிறோம். பல ஆண்டுப் பழக்கத்தில் கையும் கண்ணும் போடும் கணக்கு ஒன்று. எதுவும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொல்வது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் சட்டென்று வரும், இரண்டிலும் அளவுகோல் இருக்காது.

சத்துணவுக் கூடத்தில் சமையலர் அம்மா உப்பைக் கையால் அள்ளித்தான் போடுகிறார். ஆனாலும் சாம்பாரில் உப்பு கூடுவதோ குறைவதோ அரிது. பூ விற்பவர் முழங்கையை நீட்டி அளக்கும் முழத்துக்கும் அடுத்த முழத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. எந்தக் கருவியும் இல்லாமல் செய்வதால் இவற்றைத் தோராயம் என்கிறோம். உண்மையில் இவை அளவைகள்தாம். அளவுகோல் உடம்புக்குள் இருக்கிறது.

வேறு வகையும் உண்டு. நாணயத்தைச் சுண்டும்போது ஐந்து முறை தலை விழுந்தால் ஆறாவது பூ விழும் என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது. ஆறாவது முறையும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். இங்கே எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தாலும் பயனில்லை.

திறமை எங்கே வளர்கிறது?

1973ஆம் ஆண்டு வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சதுரங்க வீரர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவில் இருந்த பலகையைச் சில விநாடிகள் மட்டும் காட்டி, காய்கள் இருந்த இடங்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் சிலவற்றையே வைக்க முடிந்தது. பிறகு அதே காய்களை ஒழுங்கின்றி இறைத்துவைத்துக் காட்டினார்கள். இப்போது தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தேர்ந்தவரின் பொதுவான நினைவாற்றல் பெரிதாக இருக்கவில்லை. ஆட்டத்தின் அமைப்புகள்தாம் அவருக்குப் பழகியிருந்தன. அமைப்பு கலைந்ததும் அவர் திறமைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் கேரி கிளைனும் இதே கேள்வியை வேறு பக்கங்களிலிருந்து அணுகியவர்கள். தீயணைப்பு அலுவலர்கள் நொடியில் எடுக்கும் சரியான முடிவுகளை ஆராய்ந்த கிளைன், அனுபவசாலியின் உள்ளுணர்வை மதித்தார். மனித மனம் எப்படியெல்லாம் தவறாக ஊகிக்கிறது என்று ஆராய்ந்து பின்னர் நோபல் பரிசும் பெற்ற கானெமன், உள்ளுணர்வைச் சந்தேகித்தார். இருவரும் சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரையில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். உள்ளுணர்வை நம்பலாம், அதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, அந்தத் துறையில் ஒரு சீரான ஒழுங்கு இருக்க வேண்டும். இரண்டு, நீண்ட நாள் பழகவும், சொன்னது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ளவும் வாய்ப்பு இருக்க வேண்டும்.

கொத்தனாருக்கு இரண்டும் உண்டு. கல்லின் அளவு மாறுவதில்லை. கல் குறைந்தால் வேலை நின்றுவிடும், மிஞ்சினால் வீட்டுக்காரர் கேட்பார். ஒவ்வொரு சுவரும் அவருக்கு விடை சொல்லிவிடுகிறது. நாணயம் சுண்டுபவருக்கு விடை உடனே கிடைக்கிறது, ஆனால் ஒழுங்கு இல்லை. அதனால் அங்கே திறமை வளராது.

விடைத்தாளில் ஒளிந்திருக்கும் அதிர்ஷ்டம்

வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். 40 மாணவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டுத்தாள். அதில் 1 முதல் 10 வரை எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அ, ஆ, இ, ஈ. வினாக்களே கிடையாது. "விடையை மட்டும் வட்டமிடுங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார்கள். விடைக்குறிப்பைச் சீட்டுக் குலுக்கி முன்பே எழுதி உறையில் வைத்திருந்தேன்.

திருத்திப் பார்த்தோம். பெரும்பாலோர் இரண்டு, மூன்று மதிப்பெண். மூன்று பேர் ஐந்துக்கு மேல். ஒரு மாணவிக்கு ஆறு! எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "இ மூணு தடவை வந்துடுச்சுன்னா அடுத்தது ஆ தான் சார் வரும்" என்று விளக்கமும் சொன்னாள். மறுநாள் புதிய விடைக்குறிப்போடு மறுபடி செய்தோம். அவளுக்கு இரண்டு. முந்தைய நாள் முன்னணியில் இருந்த மற்ற இருவரும் கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள்.

இது எதிர்பார்க்க வேண்டியதுதான். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டால் பத்துக்குச் சராசரியாக இரண்டரை கிடைக்கும். ஐந்தோ அதற்கு மேலோ கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேருக்கு அது வாய்க்கும். யார் அந்த மூவர் என்பதை மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மாணவர்கள் கைதட்டி மகிழ்ந்தார்கள். எனக்குத்தான் உறுத்தியது. அந்த ஆண்டு உதவித்தொகைத் தேர்வுக்கான மாலை நேரப் பயிற்சிக்கு ஆறு பேரை ஒரே ஒரு பத்து வினாத் தேர்வை வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். ஐந்து எடுத்தவர் உள்ளே, நான்கு எடுத்தவர் வெளியே. உண்மையில் நான்கு எடுத்த ஒருவர் இரண்டு வினாக்களுக்கு மட்டும் விடை தெரிந்து, மீதி எட்டில் இரண்டை ஊகத்தில் பெற்றிருக்கலாம். அல்லது நான்கும் தெரிந்து, மீதி ஆறிலும் அதிர்ஷ்டம் கைவிட்டிருக்கலாம். மதிப்பெண் மட்டும் இதைச் சொல்லாது. மறுவாரம் இன்னும் இரண்டு தேர்வுகள் வைத்து, மூன்றையும் கூட்டிப் பட்டியலைத் திருத்தினேன். இரண்டு பெயர்கள் புதிதாக வந்தன. ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பவில்லை. எட்டுப் பேராக நடத்தினோம்.

எல்லா ஊகமும் ஒன்றல்ல என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். நான்கு வினாக்களைக் குருட்டாம்போக்கில் எழுதினால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு, நிகரம் 1. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகள் நிச்சயம் வராது என்று நீக்கத் தெரிந்தவருக்கு, அதே நான்கில் இரண்டு சரி, இரண்டு தவறு; நிகரம் 6. இரண்டை நீக்கத் தெரிந்தது பாடத்தைப் படித்ததால் வந்த அறிவு. அரைகுறை அறிவுக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரிவதும் ஒரு திறன்.

ஒரு சோறு பதம் பார்ப்பது

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். அது பானைக்குப் பொருந்தும். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். வகுப்பறை அப்படி இல்லை. முன்வரிசையில் இருக்கும் ஒரு மாணவியிடம் "புரிந்ததா?" என்று கேட்டு, அவள் தலையாட்டியதும் அடுத்த பாடத்துக்குப் போகிறோமே, அது வெந்த சோறு ஒன்றைப் பார்த்து வேகாத முப்பத்தொன்பதையும் இறக்கிவைப்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. "முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன், இவன் தேற மாட்டான்" என்று ஓய்வறையில் நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். இருபது ஆண்டு அனுபவம் என்பது அதற்குச் சான்றாகுமா? கொத்தனாருக்குச் சுவர் விடை சொல்கிறது. நமக்கு யார் சொல்கிறார்கள்? தேற மாட்டான் என்று நினைத்தவனிடம் நாம் கேள்வி கேட்பதில்லை. கேட்காததால் அவன் பேசுவதில்லை. பேசாததால் நாம் சொன்னது சரியாகிவிடுகிறது. நம் தவறு நமக்குத் தெரியவரும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். அப்படிப்பட்ட இடத்தில் அனுபவம் வளர்வதில்லை, உறுதி மட்டும் வளர்கிறது.

வகுப்பில் செய்து பார்க்க

மூன்று சிறிய பழக்கங்கள் எனக்குப் பயன்பட்டன. வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளிலும் இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

1. மதிப்பிடு, அள, எழுது: தொடக்க வகுப்புகளுக்கும் ஏற்றது. கரும்பலகையின் நீளம், ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை, வேப்பமரம் வரை உள்ள காலடிகள் என நாளுக்கு ஒன்று. முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுத வேண்டும்; பிறகு அளக்க வேண்டும்; மூன்றாவது பத்தியில் வேறுபாட்டை எழுத வேண்டும். ஒரு மாதத்தில் வேறுபாடு சுருங்குவதைக் குழந்தைகளே காண்பார்கள். அளந்து பார்க்கும் படியை மட்டும் விட்டுவிடக் கூடாது. அதை விட்டால் எஞ்சுவது வெறும் ஊகம்.

2. உறுதிக் குறி: கொள்குறி வினாக்களில் விடைக்குப் பக்கத்தில் 'தெரியும்', 'சந்தேகம்', 'ஊகம்' என்று ஒரு குறி இடச் சொல்லுங்கள். இதற்கு மதிப்பெண் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'ஊகம்' என்று குறித்துச் சரியான வினாவை மறுபடி நடத்துங்கள். 'தெரியும்' என்று குறித்துத் தவறான வினாவை முதலில் நடத்துங்கள். தவறான கருத்து வேரூன்றியிருப்பது அங்கேதான்.

3. "எப்படி?" என்ற கேள்வி: தவறான விடைக்கு மட்டும் அல்லாமல் சரியான விடைக்கும் இதைக் கேளுங்கள். திறமையாக இருந்தால் ஒரு வழி வெளியே வரும். ஊகமாக இருந்தால் "சும்மா சார்" என்று வரும். இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

அடுத்த வாரம் அதே பாடத்தைத் திரும்ப எடுத்தேன். அவனைக் கூப்பிட்டு, "அன்னைக்கு ரெண்டாயிரம்னு சொன்னியே, அது சரியான விடை. நான்தான் கேட்காம விட்டுட்டேன். எப்படிச் சொன்னேன்னு எல்லாருக்கும் சொல்லுப்பா" என்றேன். சற்றுத் தயங்கினான். பிறகு சுண்ணக்கட்டியை வாங்கி ஒரு கல் வரைந்தான். அதன்மேல் இன்னொரு கல். ஒரு சதுர அடிக் கட்டம் போட்டு எண்ணிக் காட்டினான். நீளத்தையும் உயரத்தையும் பெருக்கினான்.

"கலவை எவ்வளவு ஆகும்டா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தன் கேட்டான். "அது அப்பாகிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றான் அவன்.

தெரிந்ததை உறுதியாகச் சொன்னான். தெரியாததைக் கேட்டுவந்து சொல்கிறேன் என்றான். நான் நடத்த நினைத்த பாடமும் அதுதான்.