எங்கே எழுதி வைப்பது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பிளாஸ்டிக் பொருள்கள் வார்க்கும் ஆலையொன்றில் என் அண்ணன் வேலை செய்கிறார். ஒவ்வொரு மோல்டுக்கும் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்பதைச் ‘செட்டிங் ஷீட்’ என்னும் தாளில் எழுதித் தனியே வைத்திருப்பார்களாம். இயந்திரத்தின் கன்ட்ரோல் போர்டையே மாற்றினாலும், அத்தாளைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடலாம். லினக்ஸ் கணினியில் ‘எட்ஸி’ என்னும் அடைவின் வேலையும் ஏறத்தாழ இதுவே. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

அண்ணன் மேனிலைப் பள்ளியில் படித்தபோது அரசு அளித்த மடிக்கணினி இன்று என்னிடம் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் வந்தது. பாஸுக்கு அடிப்படை டெபியன். நான் இப்போது டெபியனையே நிறுவியுள்ளேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஐயம் கேட்க வீட்டில் எவருமில்லை. ஆகவே தமிழ்99 விசைப்பலகையில் சில விசைகளை மாற்ற எண்ணி, ‘யூசர்’ அடைவிலிருந்த மூலக் கோப்பிலேயே துணிந்து கைவைத்தேன். இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. செமினார் கட்டுரை தட்டச்சு செய்யவேண்டிய இரவில் தொகுப்புகளைப் புதுப்பித்தேன். என் மாற்றங்கள் அத்தனையும் போயின; ஓர் எச்சரிக்கைகூட இல்லை.

குற்றம் என்னுடையதே. ‘யூசர்’ அடைவு தொகுப்பைச் செய்தவர்களுக்கு உரியது. புதிய பதிப்பு வந்தால் பழைய கோப்பின் மேலேயே எழுதப்படும். எட்ஸியில் உள்ள அமைவுக் கோப்புகளின் நிலை வேறு. டெபியனின் ‘டிபிகேஜி’, தான் கொடுத்த கோப்பின் எம்டி5 எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் தொடாத கோப்பைப் பேசாமல் மாற்றிவிடும். நாம் மட்டும் மாற்றியிருந்தால் அதைத் தொடாது. இரு தரப்பும் மாற்றியிருந்தால் நின்று, எதை வைப்பதென்று நம்மையே கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் நம்முடையதே நிலைக்கும். என்ன பண்பு பாருங்கள்!

‘எட்ஸி’ என்பது ‘எட்செட்டரா’வின் சுருக்கம். பழைய யூனிக்சில் வேறெங்கும் இடமில்லாதவற்றைப் போட்டு வைத்த இடம் அது, நம் வீட்டுப் பரண்போல. லினக்சின் அடைவுகளுக்கான விதிகள் 1994-இல் முதன்முதலாக வகுக்கப்பட்டன. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பின்படி எட்ஸி அமைவுக் கோப்புகளுக்கே உரியது; இயங்கும் நிரல்கள் அங்கே கூடா.

‘சிஸ்டம்டி’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் மூல அமைவுகள் ‘யூசர்’ அடைவிலேயே இருக்கும். அதே பெயரில் நாம் எட்ஸியில் ஒரு கோப்பு வைத்தால் நம்முடையதே செல்லும். இம்முறையே சிறந்தது என்பேன். எட்ஸியைத் திறந்தால் நாம் எழுதியது எது என்று தேடி அலைய வேண்டியதில்லை. நம் ஆய்வகம்போல் பலர் பழகும் கணினியிலோ, ஒருவருக்கு மட்டுமான விருப்பங்கள் அவரவர் ‘ஹோம்’ அடைவில், ‘.கான்ஃபிக்’ என்பதற்குள் இருக்கவேண்டும். முன்னே புள்ளி இருப்பதால் அது சாதாரணமாகக் கண்ணுக்குப் படாது.

‘வேலண்ட்’ முறையில் இயங்கும் திரைக்கு, விசைப்பலகை மாற்றங்களையும் அங்கேயே வைக்கலாம் என்பதைப் பின்னரே அறிந்தேன். என் விசைகளை ‘.கான்ஃபிக்’கில் மறுபடி எழுதினேன். அதன்பின் நான்கு முறை புதுப்பித்தாயிற்று. இக்கட்டுரையும் அவ்விசைகளால் தட்டச்சு செய்யப்பட்டதே.