சுவடிப் பட்டியலும் தரவுத்தளத்தின் அமைப்புப் பட்டியலும்: மேல்சித்தாமூர்ச் சமணச் சுவடி மரபை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஓலைச்சுவடிகளைப் பற்றிய விவரங்கள் இன்று கணினித் தரவுத்தளங்களில் பதிவாகி வருகின்றன. உறவுமுறைத் தரவுத்தளம் விவரங்களை மட்டும் தாங்குவதில்லை. அவ்விவரங்கள் எவ்வமைப்பில் வைக்கப்பட்டுள்ளன என்பதையும் தன்னுள்ளேயே எழுதிக்கொள்கிறது. அப்பகுதி அமைப்புப் பட்டியல் எனப்படும். அது இயங்கும் முறையையும், அது காப்பனவற்றையும் காவாதனவற்றையும் சமணச் சுவடி மரபிலிருந்து பெறும் எடுத்துக்காட்டுகளால் இக்கட்டுரை விளக்குகிறது. அமைப்பை இயந்திரம் தானே பதிந்துகொள்ளும். பொருள்வரையறையைப் பட்டியலாசிரியரே எழுத வேண்டும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சுவடியியல், உறவுமுறைத் தரவுத்தளம், அமைப்புப் பட்டியல், மீத்தரவு, பாயிரம், மேல்சித்தாமூர்

1. முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் அணித்தாக உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயரைத் தாங்கி வரும் மடாதிபதிகளின் இருக்கையான இம்மடம், ஏட்டுச்சுவடிகளைப் பேணிய சமண நிலையங்களுள் ஒன்று. தமிழும் வடமொழியும், தமிழெழுத்தும் கிரந்த எழுத்தும் கலந்து நிற்பது சமண மடங்களின் சுவடித் தொகுப்புகளுக்குரிய இயல்பு. இவ்வியல்பினாலேயே அத்தகைய தொகுப்பு, பட்டியலிடும் எந்த முறையையும் சோதித்துப் பார்க்கும் உரைகல்லாகிறது.

எச்.எச். வில்சன் 1828இல் வெளியிட்ட மெக்கன்சி தொகுப்பின் பட்டியல் போன்ற அச்சுப் பட்டியல்களில், தொகுப்பின் இயல்பை அறிவிக்க ஒரு முன்னுரை இடம்பெறும். கணினிப் பட்டியலுக்கு அத்தகைய முன்னுரை எங்கே உள்ளது? தளத்தை அமைத்தவர் பணியிலிருந்து நீங்கிய பின்னர், கோப்பு மட்டும் கைக்கு வரும் ஆய்வாளர் அதன் அமைப்பை எதைக் கொண்டு அறிவார்? இவ்வினாக்களுக்கான விடை அமைப்புப் பட்டியலில் தொடங்குகிறது.

இக்கட்டுரையில் ‘அட்டவணை’ என்பது தரவுத்தளத்தின் அடிப்படை அலகையும், ‘கிடைவரிசை’ அதில் உள்ள ஒரு பதிவையும், ‘நெடுவரிசை’ அப்பதிவின் ஒரு கூற்றையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக வரும் அட்டவணைகள் விளக்கத்தின் பொருட்டு அமைத்தவை; எந்த நிறுவனத்தின் தளத்தையும் குறிப்பன அல்ல.

2. சுவடிக்கட்டிலிருந்து அட்டவணைக்கு

உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். தரவுகள் யாவும் அட்டவணைகளாக அமையும் என்பதும், அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பும் அவற்றில் உள்ள மதிப்புகளாலேயே உணர்த்தப்படும் என்பதும் அதன் அடிப்படைகள்.

சுவடித் தொகுப்பில் இதன் தேவை எளிதில் புலனாகும். ஒரு கட்டில் பல நூல்கள் இருக்கலாம். ஒரு நூல் பல கட்டுகளில் இருக்கலாம். நீலகேசியின் மூலம் தனியாகவும் வரலாம். சமயதிவாகர உரையுடனும் வரலாம். அவ்வுரையை இயற்றிய வாமன முனிவரே மேருமந்தர புராணத்தின் ஆசிரியராகவும் கருதப்படுகிறார். எனவே ஒருவரே ஓரிடத்தில் நூலாசிரியர், மற்றோரிடத்தில் உரையாசிரியர். ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையில் அமைந்தது. ‘மொழி’ என்னும் ஒரு கட்டத்தில் ஒரு சொல்லை மட்டும் எழுதி அதனை விளக்கிவிட இயலாது.

ஆகவே ‘கட்டு’, ‘நூல்’, ‘சான்றோர்’ ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாக்கி, எந்நூல் எக்கட்டில் எந்த ஏடு முதல் எந்த ஏடு வரை உள்ளது என்பதை மற்றோர் இணைப்பு அட்டவணையில் எழுதுவர். யார் எந்நூலுக்கு எம்முறையில் உரியவர் என்பதும் அவ்வாறே தனி இணைப்பாகும். இவ்வாறு பகுத்த அளவிலேயே, நூலும் அதன் படியும் வேறு என்னும் சுவடியியல் கருத்து தளத்தின் அமைப்பில் பதிந்துவிடுகிறது. அட்டவணை அமைப்பது எழுத்தர் பணி அன்று, ஆய்வுப் பணி என்பது இங்கேயே தெளிவாகிறது.

3. அட்டவணைகளைப் பற்றிய அட்டவணைகள்

‘கட்டு’ என்னும் அட்டவணையை உருவாக்குமாறு ஆணையிடும்போது தளத்தினுள் நிகழ்வது யாது? போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் கட்டற்ற தரவுத்தள மென்பொருளைக் கொண்டு நோக்கலாம். அதில் ‘பிஜி_கிளாஸ்’ என்றோர் அட்டவணை முன்னரே உள்ளது. புதிய அட்டவணை தோன்றியவுடன் அதன் பெயர், வகை, உரிமையாளர் முதலியவற்றைத் தாங்கிய கிடைவரிசை ஒன்று அதில் சேர்கிறது. ‘கட்டு’ அட்டவணைக்குக் கட்டெண், ஏட்டளவு, எழுத்து, நிலை என நான்கு நெடுவரிசைகள் இருப்பின், ‘பிஜி_அட்ரிபியூட்’ என்னும் அட்டவணையில் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைவரிசை சேர்கிறது. நெடுவரிசையின் பெயர், வரிசை எண், தரவுவகை, வெறுமையாக விடலாமா என்னும் விதி ஆகியன அங்கே பதிவாகும். தரவுவகைகளின் விவரம் ‘பிஜி_டைப்’ அட்டவணையிலும், ஒரே கட்டெண் இருமுறை வரலாகாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் ‘பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட்’ அட்டவணையிலும் இடம்பெறும். மெட்டாடேட்டா எனப்படும் மீத்தரவு, அதாவது தரவைப் பற்றிய தரவு, இவ்வாறு தரவைப் போலவே அட்டவணைகளில் தங்குகிறது.

இப்பதிவுகளை மென்பொருள் எப்போதும் கலந்துகொண்டே இயங்குகிறது. ‘கிரந்த எழுத்தில் அமைந்த கட்டுகள் எவை’ என்று ஒருவர் வினவினால், ‘கட்டு’ என்னும் பெயரில் அட்டவணை உள்ளதா, அதில் ‘எழுத்து’ என்னும் நெடுவரிசை உள்ளதா, அதன் தரவுவகை யாது, வினவுபவருக்குப் படிக்கும் உரிமை உண்டா என்பனவற்றை அமைப்புப் பட்டியலில் கண்ட பின்னரே மென்பொருள் தரவை அணுகும். தளம் நாள்தோறும் தானே பயன்படுத்தும் பட்டியலாதலின், இது தளத்தின் உண்மை அமைப்பிலிருந்து விலகுவதில்லை. புறத்தே தனித்தாளில் எழுதி வைத்த விளக்கம் காலப்போக்கில் பழமைப்பட்டுவிடும். அமைப்புப் பட்டியலுக்கு அக்குறை நேர்வதில்லை.

1985இல் காட் உறவுமுறைத் தளங்களுக்கு வகுத்த விதிகளுள் நான்காவது இதனையே வற்புறுத்துகிறது. தளத்தின் விளக்கமும் சாதாரணத் தரவைப் போலவே அமைந்து, அதே வினவல் மொழியால் அறியத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. பின்னர் 1992ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலை, ‘இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா’ என்னும் பொதுவான காட்சி அட்டவணைகளை வரையறுத்தது. மைஎஸ்கியூஎல் மென்பொருளோ நெடுங்காலம் ஒவ்வோர் அட்டவணையின் அமைப்பையும் தனித்தனிக் கோப்பில் வைத்திருந்து, 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பிலேயே அவற்றை அட்டவணைகளுக்குள் கொணர்ந்தது.

அமைப்புப் பட்டியலின் ஒரு செயல் சுவடியியலாருக்கு நன்கு விளங்குவதாகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தளத்தில் ஒரு நெடுவரிசையை நீக்கினால், ‘பிஜி_அட்ரிபியூட்’ அட்டவணையில் அதற்குரிய கிடைவரிசை அழிவதில்லை. ‘நீக்கப்பட்டது’ என்னும் குறியுடன் அது நிற்கும். அதன் வரிசை எண்ணை வேறொன்றுக்கு வழங்குவதும் இல்லை. சுவடியில் ஓர் ஏடு இழந்துபோயினும் ஏனைய ஏடுகளின் எண்கள் மாறுவதில்லை; இடைவெளியே இழப்பைக் காட்டும் சான்றாகிறது. இரண்டிடத்தும் எண்ணின் நிலைபேறே ஒழுங்கைக் காக்கிறது.

4. தன்னைத் தானே விளக்கும் அமைப்பு

‘பிஜி_கிளாஸ்’ என்பதும் ஓர் அட்டவணையே. ஆகவே அதனைப் பற்றிய கிடைவரிசை ஒன்று அதனுள்ளேயே இருக்கிறது. இது தமிழ் இலக்கண மாணவருக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் நூல் யாது, சூத்திரம் யாது, உரை யாது என்பவற்றைச் சூத்திரங்களாலேயே கூறுகிறது. விளக்கும் கருவியும் விளக்கப்படும் பொருளும் ஒன்றாக நிற்கும் நிலை இது.

இந்நிலை ஒரு நடைமுறைச் சிக்கலை எழுப்புகிறது. எந்த அட்டவணையையும் படிக்க அமைப்புப் பட்டியலைக் காண வேண்டுமெனின், அமைப்புப் பட்டியலைப் படிக்க எதைக் காண்பது? இச்சுழலை அறுக்க ஒரு தொடக்க அறிவு புறத்திலிருந்து வேண்டப்படுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளில் அடிப்படையான சில பட்டியல் அட்டவணைகளின் அமைப்பு நிரலிலேயே எழுதப்பட்டிருக்கும். அவை வட்டில் எக்கோப்பில் உள்ளன என்பதைச் சிறியதொரு தனிக்கோப்பு காட்டும். எஸ்கியூலைட் மென்பொருள் இதனை மேலும் எளிமையாக்குகிறது. அதில் முழுத்தளமும் ஒரே கோப்பு. அமைப்புப் பட்டியலாகிய ‘எஸ்கியூலைட்_ஸ்கீமா’ எப்போதும் அக்கோப்பின் முதற்பக்கத்தில் தொடங்கும். வகை, பெயர், சார்ந்த அட்டவணையின் பெயர், தொடக்கப் பக்க எண், உருவாக்கிய ஆணையின் வாசகம் என ஐந்தே நெடுவரிசைகள் உடையது அது. முதலேட்டைக் கண்டவர் சுவடியின் உள்ளடக்கத்தை அறிவது போன்றது இது. தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் பேணப் பரிந்துரைக்கும் வடிவங்களுள் ஒன்றாக அமெரிக்கக் காங்கிரசு நூலகம் எஸ்கியூலைட்டைக் கொண்டிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

5. அமைப்புப் பட்டியல் காவாதன

அமைப்புப் பட்டியல் கூறுவன யாவும் தளத்தின் வடிவம் பற்றியன. நெடுவரிசையின் பொருளை அது அறியாது. இவ்வேறுபாட்டை மறந்தால் நேரும் பிழைகளை நான்கு எடுத்துக்காட்டுகளால் காணலாம்.

முதலாவது, காலம். படியெடுத்தவர் ‘விரோதி ஆண்டு தை மாதம்’ என்று மட்டும் எழுதியுள்ள சுவடியைக் கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1770, 1830, 1890 ஆகிய ஆண்டுகளின் சனவரி-பிப்ரவரியாக இருக்கலாம். ‘படியெடுத்த நாள்’ என்னும் நெடுவரிசை ‘தேதி’ வகையாக வரையறுக்கப்பட்டிருப்பின், பதிவாளர் ஒரு முழுத் தேதியைத் தந்தாக வேண்டும். அல்லது வெறுமையாக விட வேண்டும். அவர் 1830ஐத் தெரிந்து எழுதினால், ஊகம் சான்றாக மாறிவிடுகிறது. நெடுவரிசை தேதி வகையினது என்பதை அமைப்புப் பட்டியல் பிழையின்றிக் கூறும். அத்தேதி ஊகித்தது என்பதைக் கூறாது. சுவடியில் உள்ளவாறே எழுதும் நெடுவரிசை, கொள்ளத்தக்க காலத்தின் முன்னெல்லை, பின்னெல்லை என மூன்றாகப் பகுப்பதே முறை.

இரண்டாவது, வெறுமை. ‘படியெடுத்தவர் பெயர்’ வெறுமையாக இருப்பின், சுவடியில் பெயர் இல்லையா, ஏடு சிதைந்ததால் படிக்க இயலவில்லையா, பதிவாளர் பார்க்கவே இல்லையா என்பது தெரியாது. வெறுமைக்கு இடமுண்டு என்பதே அமைப்புப் பட்டியல் தரும் செய்தி. இம்மூன்றும் ஆய்வில் முற்றிலும் வேறானவை.

மூன்றாவது, எண்ணிக்கை. ‘ஏட்டளவு’ முழு எண் வகையினது என்று பட்டியல் கூறும். அது இப்போது உள்ள ஏடுகளின் எண்ணிக்கையா, இறுதி ஏட்டில் உள்ள எண்ணா, எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையா என்பதைக் கூறாது. இறுதி ஏட்டின் எண் 120 ஆகவும், எஞ்சிய ஏடுகள் 97 ஆகவும் இருக்கும் சுவடியில் இரண்டும் தேவை. அமைப்புப் பட்டியலில் காணும் கிடைவரிசை எண்ணிக்கையையும் சான்றாகக் கொள்ளலாகாது. ‘பிஜி_கிளாஸ்’ தரும் அவ்வெண் வினவலைத் திட்டமிட மென்பொருள் வைத்திருக்கும் மதிப்பீடே. எண்ணிக் கண்ட தொகை அன்று.

நான்காவது, சொல். ‘எழுத்து’ என்னும் நெடுவரிசையின் பெயர் எழுத்துமுறையைக் குறிக்கலாம். கையெழுத்தின் தெளிவைக் குறிக்கலாம். ‘நிலை’ என்பது ஏட்டின் பௌதிக நிலையையோ நூலின் முழுமையையோ சுட்டலாம். ஸ்ரீபுராணப் படி ஒன்றில் ஏடு செம்மையாக இருந்து நூல் குறையாக முடியலாம்.

6. பாயிரமும் கருத்துரையும்

இக்குறையை நிரப்பும் வழியும் தமிழ் மரபில் உண்டு. சமணராகிய பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகளை எட்டாக வகுத்து, காலம், களம், காரணம் ஆகியவற்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரையும் குறிக்கிறது. நூலாசிரியரின் பெயர், நூல் வந்த வழி, பொருள், கேட்போர், பயன் ஆகியன நூலோடு சேர்ந்தே செல்ல வேண்டும் என்பது அவ்வரையறையின் உட்கிடை. பாயிரம் தனியே பிரிந்து கிடப்பின் அதன் பயன் குன்றும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தளத்தில் அட்டவணைக்கும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கருத்துரை எழுத வாய்ப்பு உள்ளது. அக்கருத்துரை ‘பிஜி_டிஸ்கிரிப்ஷன்’ என்னும் பட்டியல் அட்டவணையில் தங்கும். தளத்தை முறைப்படி முழுமையாகப் படியெடுக்கும்போது உடன் செல்லும். ‘ஏட்டளவு: பதிவு செய்த நாளில் எண்ணிக் கண்ட ஏடுகள், வெற்றேடுகள் நீங்கலாக’ என்று தமிழிலேயே எழுதலாம். எஸ்கியூலைட்டில் இதற்குத் தனி ஆணை இல்லை. எனினும் அட்டவணையை உருவாக்கும் ஆணையினுள் எழுதிய குறிப்புரை அவ்வாணையின் வாசகத்தோடு பட்டியலில் நிலைத்திருக்கும்.

இதற்கு மாறாக, காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பாகத் தரவைப் பகிரும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வடிவில் தலைப்புகளும் மதிப்புகளுமே எஞ்சும். தரவுவகை, கட்டுப்பாடு, அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பு, கருத்துரை ஆகிய அனைத்தும் உதிர்ந்துவிடும். பாயிரமும் முதலேடும் இழந்த சுவடியின் நிலை அது. எனவே ஆய்வேட்டுடனோ திட்ட அறிக்கையுடனோ தரவை ஒப்படைப்போர், உரைக்கோப்போடு அமைப்புப் பட்டியல் அடங்கிய முழுப்படியையும் சேர்த்து ஒப்படைத்தல் இன்றியமையாதது.

7. முடிவுரை

உறவுமுறைத் தரவுத்தளம் தன் அட்டவணைகளின் அமைப்பை அட்டவணைகளிலேயே எழுதி, அவற்றை வினவலுக்குத் திறந்து வைக்கிறது. இதனால் தளத்தை அமைத்தவர் இல்லாதபோதும் அதன் வடிவத்தை மீட்டறிய இயலும். ஆயினும் விரோதி ஆண்டை 1830ஆக்கியவர் யார், எச்சான்றால் ஆக்கினார் என்பதை எந்த அமைப்புப் பட்டியலும் தானாக அறியாது. இரு மொழியும் இரு எழுத்தும் கலந்த, மூலமும் உரையும் பிணைந்த சமணச் சுவடிகளைப் பதிவு செய்வோர்க்கு இவ்வேறுபாடு முதன்மையானது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள்வரையறை எழுதி, அதனைத் தளத்தினுள்ளேயே கருத்துரையாக வைப்பதைச் சுவடிப் பட்டியல் பணியின் ஒரு கூறாகத் தமிழ்த்துறைகள் கொள்ள வேண்டும். ஓலை மீண்டும் கட்டவிழ்க்க இயலாத அளவு நொறுங்கிய பின்னர், அதனைப் பற்றிய பதிவே சான்றாக எஞ்சும். அப்பதிவு தன் பொருளைத் தானே சொல்லவல்லதாக இருத்தல் வேண்டும்.