புளியும் கஸ்தூரி எலுமிச்சையும் சேர்ந்த பானகம்

பேராக் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்களுக்குத் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலும் பானகமும் நினைவிருக்கும். ரப்பர்க் காடுகள் செம்பனையாக மாற, பலரும் ஈப்போ பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோம். பானகம் இருந்த இடத்தில் போத்தல் பானம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டிலேயே செய்வது எளிது. விதை நீக்கிய புளி 25 கிராமை ஒரு தம்ளர் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். அதில் 40 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மண் போக மீண்டும் வடிகட்டி, கொதித்து ஆறிய நீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை போதும். கடைசியில் நான்கு கஸ்தூரி எலுமிச்சையைப் பிழியுங்கள். விதை நசுங்கினால் கசக்கும். சூட்டில் பிழிந்தால் மணமும் வைட்டமின் சியும் குறையும். புளிப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால், அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களைத் தவிர்த்துக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பயன்படுத்துங்கள்.

இதில் நாம் சேர்க்கும் வெல்லம் 100 மில்லிக்கு 4 கிராம்தான். 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள போத்தல் பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை முதல் கலால் வரி விதிக்கிறது. காரணம் நமக்குத் தெரியாததல்ல. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு.

ஒன்றை மறக்காதீர்கள்: வெல்லமும் சீனியின் உறவுதான். இனிப்புநீர் உள்ளவர்கள் வெல்லத்தைத் தவிர்த்து, புளிப்பும் சுக்கும் மட்டும் சேர்த்துப் பருகலாம். போத்தலில் இனிப்பின் அளவை நிறுவனம் முடிவு செய்கிறது. பானகத்தில் அது நம் கையில் இருக்கிறது.